ஓப்பன்எம்ஆர்எஸ்ஸா ஓப்பன்இஎம்ஆரா, கேஸ் ஷீட்டை எதுல வைக்கறது?

ரெண்டுமே ஆஸ்பத்திரியில நோயாளிங்க ரெக்கார்டை கம்ப்யூட்டர்ல வைக்கற சாஃப்ட்வேர். பேரைக் கேட்டா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது. ஓப்பன்எம்ஆர்எஸ் 2004ல ஆரம்பிச்சது, கென்யாவுல எல்டோரெட் பக்கம் எச்ஐவி நோயாளிங்களைப் பாத்துக்கப் போய் வளந்தது, எழுதினது ஜாவாங்கற புரோகிராம் மொழியில. ஓப்பன்இஎம்ஆர் பிஎச்பிங்கற மொழியில, அமெரிக்க கிளினிக்கை மனசுல வெச்சு எழுதினது, அப்பாயின்ட்மென்ட் பில்லிங்னு எல்லாம் கூடவே வந்துரும்.

நான் ரெண்டையும் லேப்டாப்ல போட்டதும் முதல்ல பாத்தது, தப்பா என்ட்ரி போட்டா என்ன ஆகுதுன்னுதான். ஓப்பன்எம்ஆர்எஸ்ல பிபி 120க்கு 210னு போட்டுட்டு அழிச்சேன், ஸ்கிரீன்ல காணோம், ஆனா டேட்டாபேஸைத் தொறந்து பாத்தா அந்த வரி அப்படியே உக்காந்திருக்கு, வாய்டட், அதாவது செல்லாதுன்னு ஒரு கட்டத்துல 1, பக்கத்துல யாரு எப்போ ஏன் அழிச்சாங்கன்னு. கேஸ் ஷீட்ல ஒரு கோடு போட்டு அடிச்சு பக்கத்துலயே கையெழுத்து போடுவாங்களே நர்சம்மா, அதேதான். ஓப்பன்இஎம்ஆர் இந்த வேலைய ஆடிட் லாக்கை, அதாவது யாரு எப்போ என்ன செஞ்சாங்கன்னு தனியா பதியற குறிப்பை வெச்சு பண்ணுது, லாக்ல யாராச்சும் கை வெச்சா காட்டிக்குடுக்க தனி ரிப்போர்ட்டே இருக்கு. எனக்கு முதல் வழிதான் புடிச்சது.

பாதுகாப்புல ஓட்டைன்னு பாத்தா ரெண்டுமே யோக்கியம் இல்ல. 2018 ஆகஸ்ட்ல ஓப்பன்இஎம்ஆர்ல 20க்கு மேல ஓட்டைன்னு வெளிய வந்துச்சு, அதுல ஒண்ணு, நோயாளிங்க ஆன்லைன்ல தங்க ரெக்கார்டைப் பாக்கற பேஷன்ட் போர்ட்டல்ல ரிஜிஸ்டர் பக்கத்துக்குப் போய் யூஆர்எல்லை மாத்தினா லாகின் இல்லாமயே அடுத்தவங்க ரெக்கார்டைப் பாக்கலாம். ஓப்பன்எம்ஆர்எஸ்ல அதைவிட மோசம், அந்த ஓட்டைக்குக் குடுத்த நம்பர் சிவிஇ-2018-19276, வேற சாஃப்ட்வேர் வந்து பேசற ரெஸ்ட் மாட்யூல் வழியா லாகினே பண்ணாம சர்வர்ல நம்ம இஷ்டத்துக்கு புரோகிராம் ஓட்டலாம். ரெண்டையும் அடைச்சுட்டாங்க, ஆனா அப்டேட் பண்ணாதவன் வீட்டுக் கதவு தொறந்தேதான் கிடக்கும்.

பாஹ்ம்னின்னு இன்னொரு சாஃப்ட்வேர், சத்தீஸ்கர்ல கனியாரி ஆஸ்பத்திரிக்காக செஞ்சது, லேப், பில்லிங், எக்ஸ்ரே எல்லாம் சேத்து, அடியில ஓடறது ஓப்பன்எம்ஆர்எஸ்தான், அதனால அங்க வர ஓட்டையும் கூடவே வரும். க்னூ ஹெல்த்னு இதே மாதிரி இன்னொண்ணு, அதுல மருந்து சீட்டுக்கு டிஜிட்டல் கையெழுத்து இருக்கு, ஆனா அது ட்ரைட்டான்ங்கற சாஃப்ட்வேர் மேல ஓடறது, அது தெரிஞ்ச ஆளை எங்க போய் தேடறது.

ரெண்டு டாக்டர் கிளினிக்னா ஓப்பன்இஎம்ஆர் போடுங்க, பேஷன்ட் போர்ட்டலை ஆஃப் பண்ணிட்டு. வார்டு, லேப்னு இருந்தா பாஹ்ம்னி. எதைப் போட்டாலும் முதல் வேலையா பாஸ்வேர்டை மாத்துங்க சாமி, ஒரு எடத்துல ஓப்பன்எம்ஆர்எஸ் வந்தப்போ இருந்த அட்மின்123யே ரெண்டு வருஷமா ஓடிட்டிருந்துச்சு, அதையும் மானிட்டர் ஓரத்துல பேப்பர்ல எழுதி ஒட்டி வெச்சிருந்தாங்க.