இரண்டு நெட்வொர்க், நடுவில் ஒரு கம்ப்யூட்டர்: வழி விடுவதா, வாங்கி வைப்பதா?

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம், கம்ப்யூட்டர் ஃபைலைப் பார்த்து டிசைன் நெய்யும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு போட்ட ஒரு தறிப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். டிசைன் வரைவதும் பில் போடுவதும் இன்டர்நெட் உள்ள ஆபீஸ் நெட்வொர்க்கில். தறிக்கு டிசைன் ஏற்றும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட் இல்லாத தனி நெட்வொர்க்கில். டிசைன் ஃபைல் ஆபீஸிலிருந்து பட்டறைக்கு வர வேண்டும். பென்டிரைவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை: கடைசியாகத் திருத்திய டிசைன் எதுவென்று குழம்பும், வைரஸும் கூடவே வரும்.

ஆகவே இரண்டு லேன் கார்டு போட்ட ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் நடுவில். ஆபீஸ் பக்கம் 192.168.1.5, பட்டறைப் பக்கம் 192.168.10.5 என்று வைப்போம். இரு பக்கமும் 192.168.1 ஆகவே இருந்தால் எந்த முறையும் ஓடாது. ஒன்றை முதலில் மாற்றிவிடுங்கள்.

முதல் முறை, ஒரு கார்டில் வருவதை மற்ற கார்டு வழியாக அனுப்பிவிடும் ஐபி ஃபார்வர்டிங்கைப் போட்டு வழி விடுவது. நடுக் கம்ப்யூட்டரில் ஒரே வரி வேலை. தொல்லையெல்லாம் மற்ற கம்ப்யூட்டர்களில். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், இன்டர்நெட் ரூட்டர்தான், அதற்கு 192.168.10 எங்கே இருக்கிறதென்று தெரியாது. 192.168.10க்கு 192.168.1.5 வழியாகப் போ என்று ரூட்டரில் ஸ்டாடிக் ரூட் எழுத வேண்டும். ரூட்டரின் செட்டிங் பூட்டியிருந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எழுத வேண்டும். எழுதினாலும் ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) திறக்காது. விண்டோஸ் ஃபயர்வால் ஃபைல் ஷேரிங்கைத் தன் சப்நெட்டுக்கு, அதாவது தான் இருக்கும் நெட்வொர்க்குக்கு, மட்டுமே அனுமதிக்கும், இணைப்பைச் சோதிக்கும் பிங்குக்கும் அதே கதி. பலர் கேபிளைச் சந்தேகிப்பது இங்கேதான். கம்ப்யூட்டர் பெயரைத் தேடி எல்லாருக்கும் அனுப்பும் பிராட்காஸ்டும் கேட்வேயைத் தாண்டாது, ஐபி எண் போட்டே திறக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது முறை: ஃபார்வர்டிங் 0 (மூடியது), நடுக் கம்ப்யூட்டரே சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிரும் சாஃப்ட்வேர்) போட்டு ஃபைலை வாங்கி வைத்துக்கொள்ளும். காரணம் பராமரிப்பு. நாளைக்கு ஒரு கம்ப்யூட்டர் புதிதாக வந்தால் அதற்கு ஐபியும் யூசர் பாஸ்வேர்டும் போதும் (எக்ஸ்பி என்றால் கீழே சொல்லும் ரெஜிஸ்ட்ரி மாற்றமும்). ரூட், ஃபயர்வால் எதையும் தொட வேண்டாம். முதல் முறையில் விண்டோஸ் மாற்றிப் போடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்ப்யூட்டரில் செய்ததையெல்லாம் திரும்பச் செய்தாக வேண்டும், செய்தவர் அன்று ஊரில் இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை சில. டிஃபால்ட் கேட்வே ஆபீஸ் பக்கக் கார்டுக்கு மட்டும். பட்டறைக் கார்டில் காலியாக விடுங்கள். ஒரே ஃபோல்டருக்கு இரண்டு ஷேர் எழுதுங்கள்: யார் திறக்கலாம் என்று சொல்லும் ‘ஹோஸ்ட்ஸ் அலோ’வில் 192.168.1. மட்டும் போட்டு ஆபீஸுக்கு எழுதும் உரிமையோடு ஒன்று, 192.168.10. மட்டும் போட்டுப் பட்டறைக்குப் படிக்க மட்டும் ஒன்று. தறிப் பக்கத்திலிருந்து டிசைன் அழியாது. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் வேண்டாம், விண்டோஸ் 11 புரோ மறுத்துவிடும்.

எக்ஸ்பிக்கு எஸ்எம்பி என்ற ஃபைல் பகிர்வு முறையின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2019இல் வந்த சாம்பா 4.11 முதல் அது மூடியே வருகிறது. சாம்பா செட்டிங்கில் ‘சர்வர் மின் புரோட்டோகால்’ என்பதை என்டி1 (அந்த முதல் பதிப்பு) ஆக்க வேண்டும். அப்புறமும் பாஸ்வேர்டு தவறு என்றே சொல்லும். எக்ஸ்பி ரெஜிஸ்ட்ரியில், பாஸ்வேர்டை அனுப்பும் முறையைச் சொல்லும் ‘எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல்’ 3 ஆனால் சரியாகும். பழைய பதிப்பைத் திறந்த தளர்வு இரு பக்கத்துக்கும் பொது, ஆகவே சாம்பா அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. 2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது விண்டோஸில் இதே பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். வழி விட்டு, ஷேர் திறக்க ஃபயர்வாலையும் தளர்த்தினால் எக்ஸ்பியின் ஃபைல் பகிர்வு வாசலான 445ஆம் போர்ட் ஆபீஸுக்கு நேராகத் திறந்து கிடக்கும். வாங்கி வைத்தால் ஆபீஸிலிருந்து அதை நேராகத் தொட வழியில்லை.

ஏற்காடு காபி எஸ்டேட் போல பங்களா ஓரிடம், காபிப் பழத்தின் தோல் உரிக்கும் பல்ப்பர் கூடம் வேறிடம் என்றால் தாமிர லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது, இடியையும் இழுத்து வரும். இடையில் ஃபைபர் போடுங்கள்.

நடுக் கம்ப்யூட்டர் நின்றால் இரு பக்கமும் ஃபைலுக்குக் காத்து நிற்கும் என்பது உண்மை. யூபிஎஸ்ஸும், தினமும் இரவில் பிரதி எடுத்துக் கழற்றி வைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்கும் அவசியம். ஆனால் பட்டறையிலிருந்து ஆபீஸ் கணக்கு சாஃப்ட்வேரையே நேரடியாகத் திறக்க வேண்டுமானால் ஃபோல்டர் உதவாது. அங்கே முதல் முறைதான், அதுவும் அந்த சாஃப்ட்வேரின் போர்ட்டுக்கு மட்டும் வழி விட்டு.