பம்பார்டியர் சேலஞ்சர் 300: பழையதை வாங்கலாமா?

அமெரிக்காவில் நான் பணியாற்றும் நிறுவனத்துக்காக, கனடாவின் பம்பார்டியர் தயாரித்த சேலஞ்சர் 300 தனி ஜெட் விமானம் ஒன்றைத் தேடி வாங்கி, ஓராண்டுக்கு மேல் இயக்கியும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். 2004இல் சேவைக்கு வந்து 2014இல் சேலஞ்சர் 350க்கு வழிவிட்ட இந்த ரகம், நடுத்தர ஜெட்டுக்கும் பெரிய ஜெட்டுக்கும் இடைப்பட்ட ‘சூப்பர் மிட்சைஸ்’ வகையைச் சேர்ந்தது.

உள்ளறையில் குறை சொல்ல அதிகமில்லை. உயரம் 1.85 மீட்டர், தரை முழுதும் சமதளம் என்பதால் ஆறடி ஆளும் குனியாமல் நடக்கலாம். பறக்கும்போதே கழிவறை வழியாகச் சென்று பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். 3,100 கடல்மைல் என்று சொல்லப்படும் தூரத்தை மட்டும் காற்றின் போக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: நியூயார்க்கை அடுத்த டெட்டர்பரோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு எதிர்க்காற்றிலும் இடைநில்லாமல் போய்விடுகிறது, லண்டனிலிருந்து திரும்பும்போதோ, கனடாவின் கேண்டரில் எரிபொருளுக்காக இறங்கும் திட்டத்தோடு கிளம்புவதே நல்லது.

வாங்குபவர் உண்மையில் கவனிக்க வேண்டியது 96 மாத ஆய்வைத்தான். எத்தனை மணி நேரம் பறந்தது என்ற கணக்கு இதற்கு இல்லை. எட்டு ஆண்டுகள் நிறைந்தால் உட்புறத்தைப் பிரித்துப்போட்டு, விமானத்தை வாரக்கணக்கில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரே வயதுள்ள இரண்டில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த ஆய்வு எப்போது வருகிறது என்பதை முதலில் கேளுங்கள். ஹனிவெல் எச்டிஎஃப்7000 இன்ஜின்களுக்கு இத்தனை மணி நேரத்தில் முழுப் பழுதுபார்ப்பு என்ற வரையறை கிடையாது, நிலையைப் பார்த்தே பிரிப்பார்கள். அதனால் மணிக்கணக்கில் பணம் செலுத்தும் பராமரிப்புத் திட்டத்தில் அவை சேர்க்கப்பட்டுள்ளனவா, அது புதிய உரிமையாளருக்கு மாறுமா என்பவையும் விலையோடு சேர்ந்த கேள்விகளே.

நாங்கள் முதலில் பார்த்த விமானத்தின் புதுப் பெயின்ட்டையும் தோல் இருக்கைகளையும் கண்டு மயங்கியவர் எங்கள் முதலாளி மட்டுமல்ல, நானும்தான். ஆவணங்கள் முழுமையாக உள்ளன என்று தரகர் உறுதியளித்திருந்தார். அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது தொடக்க ஆண்டுகளின் பராமரிப்புப் பதிவுகள் இல்லை, லேண்டிங் கியரின் சில பாகங்கள் எத்தனை இறக்கங்களைக் கண்டன என்பதற்கும் சான்று இல்லை. முன்பணத்தை ஓக்லஹோமா சிட்டியில் எஸ்க்ரோ கணக்கில் (இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் நபரின் பொறுப்பில்) வைத்து, தொழில்நுட்ப ஆய்வை நாங்கள் ஏற்கும்வரை அது திரும்பத் தரத்தக்கது என்று எழுதி வாங்கியிருந்ததால் நட்டமின்றி விலகினோம். இரண்டாவது விமானத்தை, அதுவரை அதைப் பராமரித்து வந்த நிலையத்தில் அல்லாமல், வேறொரு நிலையத்தில் ஆய்வுக்கு விட்டு, இன்ஜின்களுக்குள் போரஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்திப் பார்த்த பின்னரே கையெழுத்திட்டோம். சற்றுக் கூடுதல் செலவுதான், எனினும் தன் வேலையில் தானே குறை காணும்படி ஒரு பட்டறையைக் கேட்பது நியாயமில்லை.

விமானியறையில் ப்ரோ லைன் 21 திரைகள் இன்றைக்கும் போதுமானவை. விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி 2020 முதல் அமெரிக்க வான்வெளியின் பெரும்பகுதியில் கட்டாயம் என்பதால் அது பொருத்தப்பட்டே வரும். அட்லாண்டிக்கின் மேல் நல்ல உயரத்தில் பறப்பதற்கான தரவுத்தொடர்பு வசதி (கட்டுப்பாட்டு மையத்தோடு எழுத்துச் செய்தியில் பேசுவது) இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் விமானத்தின் வைஃபை தரைக் கோபுரங்களை நம்பியது, கரையைத் தாண்டினால் நின்றுவிடுகிறது. எங்கள் பயணங்களில் பெரும்பாலானவை நிலத்தின் மேல்தான் என்பதால், அதை மாற்றும் வேலையை உட்புறத்தை எப்படியும் பிரிக்கப்போகிற அடுத்த 96 மாத ஆய்வுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.