ஆறு பை, ஆறு விதை: தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டக் கிட் ஆடிப்பட்டத்துக்குத் தேறுமா?

தமிழகத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டக் கிட்டை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். கொடுக்கிற காசுக்கு அதில் இருக்கும் பொருள் அதிகம். ஆனால் ஆறு பை, ஆறு விதைப் பாக்கெட் என்ற கணக்கைப் பார்த்ததும் பைக்கு ஒரு காய் என்று பிரித்துப் போடத்தான் எல்லோருக்கும் கை போகும். அங்கேதான் அறுவடை கெடுகிறது. எந்த நாளிலும் ஒரு பொரியலுக்குக்கூடக் காய் சேராது.

உள்ளே இருப்பவை: செடி வளர்க்கும் பை ஆறு, இரண்டு கிலோ கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி ஆறு, காய்கறி விதை ஆறு பாக்கெட், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சாணமான டிரைகோடெர்மா விரிடி 200 கிராம், வேப்பெண்ணெய் மருந்து 100 மி.லி., கூடவே ஒரு கையேடு. 2021 டிசம்பரில் 900 ரூபாய் மதிப்புள்ள இந்தக் கிட்டை 75 சதவீத மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மானிய விகிதம் அதற்குப் பிறகு மாறியிருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கும் நாளில் துறையின் இணையதளம் காட்டும் தொகைதான் கணக்கு. ஆதார் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

இந்தக் கிட்டில் காசு பெறுவது கோகோபீட்டும் பையும்தான். வெளிக்கடையில் தனித்தனியாக வாங்கினால் முதலில் பர்ஸைக் கடிப்பவை இவை இரண்டும். எடை குறைவு என்பதால் பழைய அடுக்குமாடி வீட்டுத் தளத்துக்கும் கோகோபீட் ஏற்றது. ஆனால் அது வேர் பிடிக்க இடம் கொடுக்கும், ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். செடிக்குப் போதுமான உரச்சத்து அதில் கிடையாது. கட்டியை ஊறவைத்துப் பையில் நிரப்பி விதை போட்டால் இரண்டு வாரம் செடி செழிப்பாகத் தெரியும். மூன்றாவது வாரம் அடியிலை மஞ்சளாகி, வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். நாரில் இருக்கும் கரிமத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள், பையில் உள்ள கொஞ்ச நஞ்சத் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) தங்களுக்கு எடுத்துக்கொள்வதுதான் காரணம். கிட்டோடு ஒரு மூட்டை மண்புழு உரமும் வாங்கியாக வேண்டும். அதை வாங்க மனமில்லை என்றால் கிட்டையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

இரண்டு கிலோ கட்டி ஒன்றுக்கு எட்டு முதல் பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். அரை மணி நேரத்தில் ஊதி 25 லிட்டருக்குக் குறையாமல் பொலபொலவென்று வரும். அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. தென்னை நாரில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாகத் தங்கியிருக்கும். பழைய சாக்கு ஒன்றில் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். முதல் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கும். வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை மூன்று முறையாவது அலச வேண்டும். பிறகு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு எட்டிப் பார்த்தால் பதம் சரி. தாரையாக ஒழுகினால் இன்னும் வடிய வேண்டும். பிடித்த உருண்டை கையைத் திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் போதவில்லை.

அலசும் தண்ணீர் எது என்பது சென்னையில் பெரிய கேள்வி. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகள் நிறைய. அந்தத் தண்ணீரில் அலசினால் ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு ஏறும். அலசுவதற்கும் கடைசி ஊற்றலுக்கும் மெட்ரோ தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பெல்லாம் திரண்டு நிற்கும் தண்ணீர் அது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், பைக்கு வேண்டாம். இலை ஓரம் தீய்ந்தது போலக் காய்ந்து சுருண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான், பூச்சியை அல்ல.

கலவைக்கு மூன்று பங்கு கோகோபீட், இரண்டு பங்கு மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு பங்கு செம்மண். பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூள். செம்மண்ணைக் கூட்டினால் பை கனக்கும், நாளாக நாளாக இறுகும். குறைத்தால் வெண்டை, கத்தரி போன்ற உயரச் செடிகள் காற்றில் ஆடும். இந்தக் கணக்கில் போட்டால் ஆறு கட்டியும் தேவைப்படாது. மிச்சத்தை உலர வைத்து எடுத்து வையுங்கள். ஒன்றரை மாதத்தில் கலவை படிந்து இறங்கும்போது மேலே நிரப்ப உதவும்.

டிரைகோடெர்மாவைப் பையில் நேரடியாகத் தூவுவது வீண். பத்து கிலோ மக்கிய உரத்தில் 200 கிராமையும் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் ஒரு வாரம் வைத்தால் பூஞ்சாணம் பெருகும். அதற்குப் பிறகு கலவையில் சேர்த்தால்தான் வேரழுகலைத் தடுக்கும் பலம் அதற்கு வரும். அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் உயிருள்ள சரக்கு, வெயில் பட்டால் செத்துவிடும். ஆறிய வடிகஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதையுங்கள். மீதியை உரத்தோடு கலந்து பையில் இடலாம். கிட் கையில் வந்ததும் பார்க்க வேண்டியது இந்தப் பாக்கெட்டுகளின் காலாவதித் தேதி. இந்த வருஷம் வாங்கி அடுத்த வருஷம் பிரிக்கிற பொருள் அல்ல இது.

இப்போது பைகளுக்கு வருவோம். ஆடி என்பது ஜூலை 17 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பிற்பாதியில் பிடிக்கும். இடையில் கிடைப்பது சுமார் மூன்று மாதம். அதற்குள் விதைத்து, காய்த்து, பறித்து முடிக்கக்கூடிய பயிர்தான் ஆடிக் கிட்டுக்குச் சரி. அந்தக் கணக்கில் முதலிடம் வெண்டைக்கு. ஆறில் மூன்று பையை அதற்கே கொடுத்துவிடுங்கள். ஒன்று கொத்தவரை, ஒன்று மிளகாய் (இதை நாற்றாக வாங்கி நடுங்கள்), ஒன்று கீரை. உங்கள் கிட்டில் வந்த விதை வேறாக இருந்தால் கடையில் பத்திருபது ரூபாய்க்குப் பாக்கெட் கிடைக்கும்.

ஏன் மூன்று? ஒரு வெண்டைச் செடி நல்ல காய்ப்பில் இருக்கும்போதும் இரண்டு நாளைக்கு ஒரு காய்தான் தரும். பைக்கு இரண்டு செடி வீதம் மூன்று பையில் ஆறு செடி, நாளுக்கு மூன்று காய். நான்கு நாள் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைப் பொரியல். ஒரே பையில் இரண்டு செடி மட்டும் நின்றால், பொரியலுக்குச் சேர்வதற்குள் முதலில் பறித்தது வதங்கி, செடியில் விட்டது முற்றியிருக்கும்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு இரண்டாக நேரடியாகப் போடுங்கள். நாற்று விட்டு மாற்றினால் ஆணிவேர் அடிபடும். நான்கு முதல் ஆறு நாளில் முளைக்கும். பத்தாம் நாள் இரண்டில் சொங்கியாக நிற்கும் செடியைக் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். 40 நாள் வாக்கில் பூ வரும். பூ விரிந்த ஆறேழு நாளில் காய் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும், வளைந்தால் முற்றல். முற்றிய காயைச் செடியில் விட்டுவைத்தால் செடி விதைக்குத் தயாராகி, புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட முடியாத காயையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை வெயில் ஏறுவதற்கு முன், காம்போடு கத்தரியால் வெட்டுங்கள். கையால் இழுத்தால் பட்டை உரியும், சுணை அரிக்கும்.

வெண்டையில் இலை நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை மாதிரித் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். விதை தனியாக வாங்குகிறவர்கள் அர்கா அனாமிகா மாதிரி இந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கலாம்.

கொத்தவரை சென்னை வெயிலுக்கு அஞ்சாத பயிர். பைக்கு மூன்று செடி, 50 முதல் 60 நாளில் பிஞ்சு. கீரைக்குப் பாக்கெட்டில் சிறுகீரையோ தண்டுக்கீரையோ வந்தால் விதையை மணலோடு கலந்து தூவுங்கள், 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரை என்றால் அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி தழையும். மழைக்கு முன் மூன்று முறை கீரை பார்த்துவிடலாம்.

கத்தரியும் தக்காளியும் கிட்டில் அடிக்கடி வரும், ஆனால் ஆடியில் விதை போடுவதற்கு இரண்டும் ஏற்றவை அல்ல. கத்தரிக்கு 25 முதல் 30 நாள் நாற்று வேண்டும், நட்டபின் காய்க்க இரண்டு மாதம். ஆடிக் கடைசியில் விதைத்தால் காய்ப்பு சரியாக ஐப்பசி மழையில் போய் நிற்கும். ஆனியிலேயே நாற்று விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நர்சரி நாற்றை வாங்கி நடுங்கள். இளம் நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி எடுத்து நசுக்கிப் போட வேண்டும். தக்காளி இந்த ஊர் இரவு வெக்கையில் பூவை உதிர்க்கும். மழை ஓய்ந்த மார்கழி, தையில் பறிக்கும்படி அதன் விதையை எடுத்து வைப்பதே நல்லது. அவரைப் பாக்கெட் வந்திருந்தால் அது குத்தவரையா கொடியவரையா என்று பாருங்கள். பந்தலில் ஏறும் வகை பகல் குறுகினால்தான் பூக்கும், ஆடியில் போட்டாலும் காய் பார்க்கப் பனிக்காலம் ஆகும்.

தண்ணீர் விஷயத்தில் கோகோபீட் ஏமாற்றும். மேல்பகுதி காய்ந்து வெளிறியிருக்கும், அடியில் சொதசொதவென்று நிற்கும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். ஆடி, ஆவணியில் வளர்ந்த செடிப் பைக்குக் காலையில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் போதும். முழுக்கக் காய விட்டால் நார் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். அப்போது கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஊற்ற வேண்டும்.

உரத்துக்கு 15 நாளுக்கு ஒரு முறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். இடையில் லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். கடலைப்புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தழைச்சத்து சீக்கிரம் கிடைக்கும். பூக்கும் நேரத்தில் அதைக் குறையுங்கள், இல்லாவிட்டால் இலையாக வளரும். அடியிலைகளில் நரம்பு பச்சையாக நிற்க நடுவில் மஞ்சள் தட்டினால் மெக்னீசியக் குறை. கோகோபீட்டில் பொட்டாசியம் தூக்கலாக இருப்பதால் இது வரும். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு தெளித்தால் சரியாகும்.

கிட்டின் வேப்பெண்ணெயை லிட்டருக்கு 3 மி.லி. எடுத்து, சில சொட்டு சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்கி, மாலை ஐந்து மணிக்கு மேல் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். 100 மி.லி. என்றால் சுமார் 33 லிட்டர் கரைசல். ஆறு பைக்கு இந்தப் பருவம் முழுவதும் தாராளமாக வரும். மாவுப்பூச்சிக்கு இது மட்டும் போதாது, முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிட்டுத்தான் மருந்து.

பைகளைத் தளத்தின் மேல் அப்படியே வைக்காமல் செங்கல் அடுக்கித் தூக்கி வையுங்கள். தளத்தில் ஈரம் கோக்காது, அடித்துளையும் அடைபடாது. பீம் ஓடும் இடமும் கைப்பிடிச் சுவர் ஓரமும் பாரத்துக்கு நல்லது.

நேரில் கேட்டுக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம் இருக்கிறது. மாடித்தோட்டத்துக்கும் அங்கே பயிற்சி நடத்துகிறார்கள். கிட்டில் உள்ள கையேட்டை விட அது பல மடங்கு உதவும்.

ஒருவருக்கு இரண்டு கிட் வரை தருகிறார்கள். இடமிருந்தால் இரண்டாக வாங்குங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. பன்னிரண்டு பையில் ஐந்து வெண்டை, இரண்டு கொத்தவரை, இரண்டு நாற்றுக் கத்தரி, ஒரு மிளகாய், இரண்டு கீரை என்று வைத்தால் ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை வாரத்தில் மூன்று நான்கு நாள் ஏதாவது ஒரு காயோ கீரையோ மாடியிலிருந்தே சமையலறைக்கு வரும். ஒரே கிட்தான் என்றால் கத்தரியை இந்தப் பட்டத்தில் விட்டுவிட்டு வெண்டையைக் கூட்டுங்கள். மழை பிடித்ததும் காய்த்து ஓய்ந்த வெண்டையை வேரோடு எடுத்து, அந்தக் கலவையை வெயிலில் காயப் போட்டுப் புது உரம் கலந்தால், தக்காளி நாற்றுக்கு அதே பை தயார்.