நிலக்கரியோடு பிளாஸ்டிக் கழிவு: எங்கள் பாய்லரில் ஆறு வருடம்

ஈரோடு பக்கம் அட்டைப்பெட்டிக்கான பழுப்புக் காகிதம் (கிராஃப்ட் பேப்பர்) செய்யும் ஒரு மில்லில் பாய்லர் பார்க்கிறேன். மணிக்கு 30 டன் நீராவி தரும் ஏஎஃப்பிசி, அதாவது அடியிலிருந்து காற்றடித்து மிதக்கவைத்த சூடான மணலில் எரிபொருளை எரிக்கிற வகை; எரிப்பது இந்தோனேசிய நிலக்கரி. பழைய பேப்பரைப் பல்ப்பர் என்கிற தொட்டியில் தண்ணீரோடு கரைத்ததும் மிஞ்சுகிற பாலிதீன், டேப், தெர்மாகோல் எல்லாம் முன்பு மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும். அதைத் துண்டாக்கிக் காயவைத்து நிலக்கரியோடு எரிக்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது.

எரிவதில் குறையே இல்லை. சுத்தமான பாலிதீன் கிலோவுக்கு 10,000 கிலோ கலோரிக்கு மேல் தரும், எங்கள் நிலக்கரியைப் போல இரண்டு மடங்கு. ஈரத்தோடு போட்டால்தான் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கப் போய்விடும், எரிபொருளைக் கொட்டும் ஹாப்பரிலும் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும்.

பெரிய தொல்லை பெட்டில்தான், அதாவது அந்த மணல் படுகையில். பெட் 850 டிகிரியில் ஓடுகிறது, கழிவோடு வருகிற அலுமினியமோ 660-லேயே உருகிவிடும். முதல் வருடம் ஒருநாள் இரவு ஒரு காம்பார்ட்மென்ட்டில் மட்டும் டெம்ப்ரேச்சர் இறங்கிக்கொண்டே போனது, காற்றைக் கூட்டியும் ஏறவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு உள்ளே இறங்கிப் பார்த்தால் பழைய பேப்பர் பொதியைக் கட்டும் கம்பி, காற்று வரும் நாசில்களைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் உருகிய அலுமினியத்தோடு மணல் சேர்ந்து பாறையாக இறுகியிருந்தது. கடப்பாரை போட்டு உடைத்தோம். காந்தம் கம்பியைப் பிடித்துவிடும், அலுமினியத்தைப் பிடிக்காதே! கன்வேயர் ஓரம் நின்று சிப்ஸ் பாக்கெட், மாத்திரை அட்டை, பிவிசி துண்டு என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிற நான்கு அக்காக்களால்தான் அதன்பிறகு பெட் ஒழுங்காக ஓடுகிறது, அவர்களுக்கு நல்ல கையுறையும் கூடுதல் சம்பளமும் கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் குளோரின். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். மூன்றாம் வருடம், நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் ட்யூப் தடிமனை அளந்தபோது சில இடங்களில் நன்றாகத் தேய்ந்திருந்தது. இங்கே நிலக்கரியின் கந்தகம் உதவுகிறது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்: ட்யூப்பில் ஒட்டி அரிக்கிற கார குளோரைடுகளை அது சல்பேட்டாக மாற்றிவிடும், குளோரின் அமில வாயுவாகப் புகையோடு போகும், அதைச் சுண்ணாம்பு போட்டுப் பிடித்தாக வேண்டும். கந்தகம் ரொம்பக் குறைந்த நிலக்கரி வந்தால் நாங்கள் கழிவின் அளவையும் குறைத்துவிடுகிறோம்.

பாய்லரைப் பற்றவைக்கிற லைட்-அப் முழுக்க நிலக்கரியில்தான். பெட் 800-க்குக் கீழே இறங்கினால் கழிவை உள்ளே தள்ளும் ஃபீடரை உடனே நிறுத்திவிடுவோம், அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் என்கிற நச்சு உண்டாகும் ஆபத்து, அந்தக் காற்றைச் சுவாசிப்பது பக்கத்து ஊர்தான்.

2016 திடக்கழிவு விதிகள், 100 கிலோமீட்டருக்குள் கழிவிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலை இருந்தால் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் 5 சதவீதமாவது அதிலிருந்து எடுக்கச் சொன்னன. அந்த அளவு பெட்டுக்குச் சிரமமே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டாவது ஃபீடருக்குப் பணம் ஒதுக்கும் முன் பொறுக்கும் கன்வேயரை நீளமாகப் போடுங்கள்.