கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் வாசியுங்கள்

அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். காலையும் இரவும் இன்சுலின், இடது காலில் ஆறாத புண். பக்கத்து வீட்டு மாமி கூப்பிட்டாவே என்று கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி ஹோலில் நடக்கும் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனோம்.

வாசலில் ஒரு படிவம். பெயர், என்ன வருத்தம், எத்தனை வருடம், பிள்ளைகள் யாராவது வெளிநாட்டிலா. கடைசிக் கேள்வி எதற்கென்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரப் பாட்டுக்குப் பிறகு பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "இடது காலில் புண்ணோடு ஒரு தாய், மகன் கனடாவில்" என்றார். அம்மா அழுதுகொண்டே எழும்பிவிட்டார்.

அமெரிக்காவில் பீட்டர் போபொஃப் என்ற சுகமளிக்கும் பிரசங்கி செய்ததும் இதுதான். சனம் எழுதிக் கொடுத்ததை மனைவி ரேடியோவில் வாசிப்பார், இவர் காதில் செருகிய கருவியில் கேட்டுக் கடவுள் சொன்னதாகச் சொல்வார், 1986ல் ஜேம்ஸ் ரண்டி என்ற மந்திரவித்தைக்காரர் ஒலிப்பதிவோடு அம்பலப்படுத்தினார். இங்கே ரேடியோகூடத் தேவையில்லை, சாமியாடி குறி சொன்னால் கைகட்டி நிற்கிற பழக்கம் சபைக்குள் வந்தும் எங்களை விடவில்லை. காதுவலி என்று பொய்யாக எழுதிக் கொடுத்துப் பாருங்கள், மேடையில் காதுவலிதான் சுகமாகும்.

"ஒரு கையில் இயேசு, மறுகையில் ஊசியா?" என்று எங்கள் கூட்டத்துப் பாஸ்டர் அம்மாவிடம் கேட்டார். அம்மா ஊசியை நிறுத்திவிட்டார், எனக்குத் தெரியாமல் 25,000 ரூபா விதைப்புக் காணிக்கையும் (விதைபோலப் போட்டால் பல மடங்காகத் திரும்பி வருமென்று வாங்கும் காசு) போட்டிருக்கிறார். ஒன்பதாம் நாள் தலைசுற்றி விழுந்தபோது சீனி 500ஐத் தாண்டியிருந்தது. இப்போது கால்விரல் ஒன்று இல்லை.

பாஸ்டருக்கு ஃபோன் எடுத்தேன். "வீட்டில் விசுவாசமில்லாத ஒருவர் இருக்கிறார்" என்றார். நான்தானாம். சுகமானால் அவருடைய அபிஷேகம், ஆகாவிட்டால் எங்கள் அவிசுவாசம், இந்த விளையாட்டில் அவர் எப்படித் தோற்பார்? வேதாகமத்தில் குஷ்டம் சுகமான நாகமானிடம் எலிசா தீர்க்கதரிசி ஒரு சல்லி வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்குத்தான் குஷ்டம் ஒட்டியது, அதை இந்த மேடையில் பிரசங்கிக்க மாட்டார்கள்.

ஜெபம் வேண்டாமென்று எழுதவில்லை. எங்கள் மெதடிஸ்த போதகரும் வார்டுக்கு வந்து கட்டிலருகே ஜெபித்தார், முடித்ததும் முதலில் கேட்டது "டொக்டர் என்ன சொன்னவர்?"

படிவத்தில் ஒன்றும் எழுதாதீர்கள். யார் சொன்னாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். அன்றிரவு வலி போய்விட்டதென்று அம்மா மைக்கில் சொன்ன சாட்சி வீடியோ இன்னும் அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் ஓடுகிறது, எடுக்கச் சொல்லி மூன்று தடவை எழுதிவிட்டேன்.