ரூ.1,500 தூண்டில் செட் கடலுக்குத் தாங்குமா?

ஆன்லைன் கடைகளில் 'கடல் மீன்பிடி காம்போ' என்று தேடினால் ஒரே பெட்டி பல பெயர்களில் வரும். உள்ளே ஒன்றுக்குள் ஒன்று செருகும் மடக்குக் கம்பு, நரம்பு சுற்றிய ரீல், இருபது முப்பது பிளாஸ்டிக் மீன்கள், ஒரு பை. விலை சுமார் 1,200 முதல் 2,000 ரூபாய். ஏரிக்கரையில் உட்கார்ந்து ஜிலேபி மீன் பிடிக்க இது போதும். கோவளத்திலோ பழவேற்காட்டிலோ அலைக்கு எதிரே நின்று வீச வாங்காதீர்கள். அந்தப் பணத்தோடு இன்னும் மூவாயிரம் சேர்த்து, ஐயாயிரத்துக்குள் தனித்தனியாக வாங்குவதே மலிவு. ஏன் என்பது பெட்டியைப் பிரித்தாலே தெரியும்.

முதலில் கம்பு. மடக்குக் கம்பின் துண்டுகள் உராய்வில்தான் நிற்கின்றன. இணைப்புக்குள் மணல் புகுந்து, மேலே உப்பு காய்ந்தால் துண்டுகள் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. பலத்தைக் கொடுத்துத் திருகினால் இழை பிளந்துவிடும். நீளமும் பிரச்சினைதான். 2.1 மீட்டர் கம்பு பாலத்துக்கும் படகுத்துறைக்கும் சரி. மணற்கரையில் முதல் அலைக்கு மேலே நரம்பு நிற்க வேண்டுமானால் 2.7 முதல் 3 மீட்டர் வேண்டும். இரண்டு அல்லது மூன்று துண்டாகக் கழற்றும் ஃபைபர் கிளாஸ் கம்பு கனமாக இருக்கும். ஆனால் கல்லில் இடித்தாலும் சட்டென்று ஒடியாது; கற்றுக்கொள்கிறவருக்கு அதுதான் வேண்டும். கம்பின் மேல் அச்சிட்டிருக்கும், வீசக்கூடிய ஈயத்தின் எடையைப் பாருங்கள். 30–80 கிராம் என்றிருந்தால் நம் கரைக்குப் பொருந்தும். 40 கிராமோடு நிற்கும் கம்பில் 80 கிராம் ஈயத்தைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் நுனி போகும், அதைக் கம்பின் குறை என்று சொல்ல முடியாது.

கடையில் நின்று செய்யக்கூடிய ஒரு சோதனை: சிறிது பஞ்சைக் கம்பில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே பிசிறோ விரிசலோ இருக்கிறது. அதே இடத்தில்தான் பிறகு நரம்பு அறும். மலிவுக் கம்புகளில் வளையத்துக்குள் ஒட்டியிருக்கும் செராமிக் வில்லை கழன்று விழுவது சாதாரணம். அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 மாதிரிக் கம்புகளில் வில்லையே கிடையாது, வளையம் முழுக்க ஒரே துண்டு ஸ்டீல். கையில் பணம் கொஞ்சம் இளகும்போது அந்தப் பக்கம் போகலாம்.

பணத்தில் பாதி போக வேண்டிய இடம் ரீல். பெட்டி ரீலின் மேல் '13 பேரிங்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கடலில் தரமற்ற பேரிங் ஒவ்வொன்றும் துருப்பிடிக்க ஓர் இடம், அவ்வளவுதான். நல்ல பேரிங் நான்கு இருந்தால் போதும். '6000' என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 6000 இன்னொரு கம்பெனியின் 3000 அளவில்கூட இருக்கும். 0.35 மி.மீ. நரம்பு 200 மீட்டர் பிடிக்குமா என்று மட்டும் கேளுங்கள். பெயருள்ள கம்பெனிகளில் அது பெரும்பாலும் 4000 அல்லது 5000 அளவு.

கையில் எடுத்ததும் மூன்றைப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றி, சட்டென்று பின்னால் திருப்பினால் ஆட்டம் இருக்கக் கூடாது. நரம்பு திரும்பும் இடத்திலுள்ள சின்ன உருளை விரலால் தட்டினாலே சுழல வேண்டும். அது நின்றுவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் தேய்ந்து அறும். மூன்றாவதாக டிராக், அதாவது மீன் ஓடும்போது அறுந்துவிடாமல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக். பாதி இறுக்கி நரம்பைக் கையால் இழுங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு வெடுக்கென்று விட்டால் அந்த ரீலைக் கீழே வைத்துவிடலாம். இரண்டு கிலோ பாறை மீன் முதல் ஓட்டம் எடுக்கும் நொடியில் நரம்பு அறுவது அந்த வெடுக்கில்தான். மலிவு ரீல்களில் டிராக்குக்குள் கம்பளி வட்டு இருக்கும், நனைந்ததும் அதன் பிடி மாறிவிடும். கார்பன் வட்டு அப்படி மாறுவதில்லை. பென் பர்சூட் போன்ற தொடக்க நிலை ரீலிலேயே கார்பன் வட்டு வருகிறது.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதை ஊகத்துக்கு விட வேண்டாம். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு. 20 பவுண்ட் நரம்பு 9 கிலோ தாங்கும், எனவே இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே. பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசை நரம்பு நுனியில் மாட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும்.

செட்டோடு வரும் நரம்பைத் தூக்கி எறியுங்கள். ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டே வரும், முடிச்சும் நிற்காது. 0.35 முதல் 0.40 மி.மீ. தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, ஒரு உருண்டை வாங்கி, ஈரத் துணிக்குள் பிடித்தபடி இறுக்கமாகச் சுற்றுங்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அதிகமானால் கொத்தாகக் கொட்டும், குறைந்தால் தூரம் போகாது. பின்னல் நரம்பு மெல்லியது, தூரம் போகும், உண்மைதான். ஆனால் காற்றில் சிக்கு விழும், கல்லில் உரசினால் நொடியில் அறும். முதல் ஆறு மாதத்துக்கு அது வேண்டாம். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைப்பது பழக்கமாகட்டும். உலர்ந்து இறுகும்போது வரும் சூடு நரம்பை அங்கேயே பலவீனமாக்கிவிடும்.

பலர் விட்டுவிடுவது வீச்சு நரம்பை, அதாவது வீசும் வேகத்தைத் தாங்க நுனியில் கட்டும் தடித்த நரம்பை. ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்ட் என்பது கணக்கு. 80 கிராம் வீசினால் நுனியில் சுமார் 30 பவுண்ட் நரம்பு, கம்பின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கும், அதற்கு மேல் ரீலில் சில சுற்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீசும் வேகத்தில் நரம்பு அறுந்து ஈயம் தனியே பறக்கும். ஆள் நடமாடும் கடற்கரையில் அது சின்ன விஷயம் இல்லை.

மணற்கரையில் வீச, நரம்பின் அடியில் பட்டைக் கூம்பு (பிரமிடு) ஈயம், மேலே இரண்டு கிளையில் முள். உருண்டை ஈயம் அலையோடு உருண்டு எல்லாவற்றையும் சுற்றிவிடும். முள் எண் புதியவர்களைக் குழப்பும்: வெறும் எண் என்றால் பெரிய எண் சின்ன முள், '/0' சேர்ந்தால் பெரிய எண் பெரிய முள். கிழங்கானுக்கு 6 அல்லது 8, தோலுரித்த இறால் துண்டு போதும். முகத்துவாரத்தில் கொடுவா, செப்பிலிக்கு 2/0 முதல் 4/0. நரம்பைக் கடித்து அறுக்கும் சீலா நடமாடும் இடத்தில் முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி இல்லாமல் போகாதீர்கள்.

ஐயாயிரத்தில் ரீலுக்கு 2,500, கம்புக்கு 1,300, நரம்புக்கு 500, முள், சுழல் கண்ணி, ஈயத்துக்கு 400, நீண்ட மூக்குக் குறடுக்கு 200. மிச்சம் நூறு இறாலுக்கு. குறடு ஆடம்பரம் இல்லை. கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம், அதைக் கையால் கழற்றக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை முழுக்க இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகு தளர்த்தி வையுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு வெளியே வராது, உள்ளேதான் போகும். உருளைக்கும் கைப்பிடிக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். கம்பு இணைப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தால் அடுத்த முறை சிக்காது.

இவ்வளவும் செலவா என்று தோன்றினால், படகுத்துறைக்கும் பாலத்துக்கும் கைத்தூண்டில் இருக்கிறது: ஒரு கட்டையில் சுற்றிய ஐம்பது மீட்டர் தங்கூசி, ஈயம், முள். இருநூறு ரூபாய்க்குள் முடியும். பெட்டி செட்டைவிட அதிகம் பிடிக்கும், பழுதாக அதில் எதுவும் இல்லை. எண்ணூர்ப் பக்கக் கற்களில் ஈயம் மாட்டிக்கொண்டே இருந்தால், மெக்கானிக் கடையில் பழைய ஸ்பார்க் பிளக் கேட்டு வாங்கி, மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டுங்கள். சிக்கினால் அது மட்டும் அறுந்து போகும், முள்ளும் மீனும் கைக்கு வரும்.