நீட் மதிப்பெண் குறைந்த வீட்டில் ஒரு கணக்கு

2025 ஜூன் 14, சனிக்கிழமை நீட் முடிவு வந்தது. மறுநாள் காலை தென்காசிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். வார்த்து வைத்த தோசை தட்டு மூடியபடியே கிடந்தது. அக்கா மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். 720-க்கு 318. பிளஸ் டூவில் 600-க்கு 580 வாங்கிய பெண்.

அத்தான் மே மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "மாப்பிள்ளை, நீ வங்கிக்காரன். இருக்கிற வழியை எல்லாம் எழுது. எது தாங்கும், எது தாங்காது என்று கணக்குப் போட்டுச் சொல்" என்றார். கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். ஒரு கையெழுத்தினால் வீடுகள் எப்படிக் கை மாறுகின்றன என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன். அன்று தொடங்கி மூன்று வாரம் விசாரித்து அந்தத் தாளில் எழுதியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் பல நூறு வீடுகள் இருக்கின்றன.

முதலில் மதிப்பெண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 2025-இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. அதற்கு முந்தைய ஆண்டு 162. வினாத்தாள் கடினமாக இருந்ததால் 2025-இல் முதலிடம் பிடித்தவருக்கே 686 தான். 2024-இலோ திருத்திய பட்டியலில்கூட 17 பேர் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் இத்தனை வாங்கி இந்தக் கல்லூரியில் சேர்ந்தான் என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. பார்க்க வேண்டியது தரவரிசை. 'தகுதி பெற்றார்' என்று சான்றிதழில் இருப்பதும் விண்ணப்பிக்கும் உரிமை மட்டும்தான். 2025-இல் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.2 லட்சம். எங்கள் பெண்ணின் தரவரிசை சில லட்சங்களுக்கு அப்பால். அரசுக் கல்லூரி என்ற வரியை அன்றே அடித்துவிட்டோம்.

அடிக்கும்போது அக்காவுக்கு வந்த ஆற்றாமையைச் சொல்லாமல் விட முடியவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மதிப்பெண் குறைந்த ஏழைப் பிள்ளைக்கு இது மிகப் பெரிய கதவு. எங்கள் பெண் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதே தமிழ் வழி, அதே பாடநூல், அதே பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆனாலும் ஒதுக்கீட்டில் வராது. உங்கள் பிள்ளை இதற்குள் வருகிறதா என்பதை முதல் வேலையாகப் பாருங்கள். வருமானால் இந்தக் கட்டுரையின் மீதியில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

இனி வழிகள். இன்னொரு வருடம் படித்து மீண்டும் எழுதுவது, தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், வெளிநாடு, எம்.பி.பி.எஸ். அல்லாத வேறு மருத்துவம். இவற்றை எதிரெதிரே நிறுத்தும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே இடம் கிடைக்கும்?" என்பது. அந்தக் கேள்வியை வைத்தால் ஐந்தும் ஒன்றுபோலத் தெரியும். பணம் இருந்தால் எங்காவது இடம் உண்டு. நான் தாளின் தலைப்பில் வேறு கேள்வியை எழுதினேன்: ஆறேழு வருடம் கழித்து இந்தப் பெண் கையில் மருத்துவம் பார்க்கும் உரிமம் இருக்குமா, தலையில் எவ்வளவு கடன் இருக்கும்?

மீண்டும் எழுதுவதற்குத்தான் செலவு குறைவு. நாங்கள் விசாரித்த பயிற்சி மையத்தில் விடுதியோடு ஒன்றரை லட்சம் சொன்னார்கள். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை, மேல் வயது வரம்பும் இல்லை. இரண்டாம் முறை எழுதுவதில் கூச்சப்படவும் எதுவுமில்லை. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையின்படி, 2020-21-இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் மறுமுறை எழுதியவர்கள். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இந்த வருடம் பலன் தராது. எந்தப் பாடத்தில் மதிப்பெண் போயிற்று என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் பெண்ணுக்கு உயிரியலில் 360-க்கு 232, வேதியியலில் 180-க்கு 61, இயற்பியலில் 180-க்கு 25. இயற்பியலில் ஒன்பது சரி, பதினொன்று தவறு. மீதி இருபத்தைந்து கேள்விகளை அவள் தொடவே இல்லை. தெரியாததால் மட்டும் விடவில்லை, நேரம் போதவில்லை என்றாள். இப்படிப்பட்டவருக்கு ஒரு வருடப் பயிற்சி நிச்சயம் உதவும். உயிரியலே நூற்றைம்பதைத் தாண்டாத பிள்ளை என்றால் அந்த வருடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு வருடத்தை அந்தப் பிள்ளையின் மனம் தாங்குமா? 2017 முதல் இந்தத் தேர்வுக்காக நாம் பறிகொடுத்த பிள்ளைகளை நினைக்கும்போது, இதைக் கடைசியாகக் கேட்கும் வீடு தவறு செய்கிறது என்றே சொல்வேன். பிள்ளையைத் தனியே அழைத்து, தோற்றாலும் சோறு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதன்பிறகு கேட்க வேண்டும்.

தனியார் கல்லூரியும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு இரண்டுக்கும் மாநிலத் தேர்வுக் குழுதான் கலந்தாய்வு நடத்துகிறது. கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது. அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு நான்கரை லட்சத்தை ஒட்டி வரும். நிர்வாக ஒதுக்கீட்டில் 13 லட்சத்துக்குக் குறையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களை டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. அங்கே நம் மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடையாது, பதிவு செய்யவே இரண்டு லட்சம் வைப்புத்தொகை, ஆண்டுக் கட்டணம் பல இடங்களில் 20 லட்சத்தைத் தாண்டும். 318 போன்ற மதிப்பெண்ணுக்குக் கடைசிச் சுற்றுகளில் கதவு திறப்பது பெரும்பாலும் இங்கேதான். அது திறப்பதற்குக் காரணமே அந்தக் கட்டணம்.

இங்கே என் தொழில் கணக்கைப் போட்டேன். நிர்வாக ஒதுக்கீட்டில் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து 75 லட்சம் கடன் என்று வையுங்கள். 10 விழுக்காடு வட்டி, 15 வருடத் தவணை. மாதம் 80,600 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. அரசு மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்பவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. படிகள் சேர்ந்தாலும் பெரும்பகுதி தவணைக்கே போய்விடும். அதற்குள் மேற்படிப்பும் படித்தாக வேண்டும். அத்தான் இந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும் என்றேன். "வீடு ஒன்றுதானே இருக்கிறது" என்றார். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று எழுதிய வரிக்கு எதிரே எதுவும் எழுதாமல் தாளைத் தள்ளி வைத்தார்.

பணம் இருக்கிறவர்கள் தனியார் இடத்தை எடுக்கலாம், தவறில்லை. ஆனால் கட்டடத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். மருத்துவம் கற்பது நோயாளியின் படுக்கை ஓரத்தில். நாங்கள் ஒரு கல்லூரிக்கு, அதன் பெயர் இங்கே வேண்டாம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யாரிடமும் சொல்லாமல் போனோம். நுழைவாயிலில் நீரூற்று, கண்ணாடிக் கதவு. மருத்துவமனை வார்டில் நடந்தபோது படுக்கை விரிப்புகளில் மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. ஒரு வரிசையில் பதினாறு படுக்கை, மூன்றில்தான் ஆள். புறநோயாளிப் பிரிவில் செவிலியர்களைவிட நோயாளிகள் குறைவு. தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வகுத்த விதியின்படி 150 இடங்கள் கொண்ட கல்லூரிக்கு 605 படுக்கைகள் வேண்டும், அவை பெரும்பாலும் நிரம்பியும் இருக்க வேண்டும். பிரசவம் பார்க்காமலே மருத்துவராகும் பெண்ணுக்கு 75 லட்சம் கட்டுவது என்ன நியாயம்? வார நாள் காலையில், முன்னறிவிப்பின்றிப் போய்ப் பாருங்கள். எந்த விளம்பரத் தாளும் சொல்லாததை அந்த வார்டு சொல்லிவிடும். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேற்படிப்பு இடம் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான், படித்த கல்லூரியின் பெயரை வைத்து அல்ல. அதனால் பெயர் சற்று மங்கலாக இருந்தாலும் கூட்டம் அலைமோதும் மருத்துவமனை உள்ள கல்லூரியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

வெளிநாடு பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. அதிகமாக ஏமாறுவதும் அங்கேதான். திருநெல்வேலியில் ஓர் ஓட்டல் அரங்கில் முகவர் ஒருவர் நடத்திய கூட்டத்துக்கு அக்காவும் நானும் போனோம். "முப்பது லட்சத்தில் டாக்டர்" என்று பெரிய பதாகை. ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் எல்லாம் ஒரே மேசையில் புளியோதரைப் பொட்டலம்போல அடுக்கியிருந்தார்கள். திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நாங்கள் பயிற்சி கொடுத்துவிடுவோம் சார்" என்றார்.

அந்தத் தேர்வுதான் எல்லாமே. வெளிநாட்டில் படித்தவர் இங்கே மருத்துவம் பார்க்க எப்.எம்.ஜி.இ. என்ற தேர்வில் 300-க்கு 150 வாங்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர், மிஞ்சினால் நால்வரில் ஒருவர்தான் தேறுகிறார்கள். சில முறை மட்டும் சற்றுக் கூடுகிறது. இதன் பொருள், 318 வாங்கியவரை இங்கே தடுத்த வடிகட்டி மறைந்துவிடவில்லை. ஆறு வருடமும் முப்பது லட்சமும் செலவான பிறகு மீண்டும் எதிரே வந்து நிற்கிறது.

2021 நவம்பரில் ஆணையம் கொண்டுவந்த விதிகளையும் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி மருத்துவம் செய்ய வேண்டும். அந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு பெறும் தகுதி இருக்க வேண்டும். இந்தியா திரும்பியபின் இன்னும் 12 மாதப் பயிற்சி. எல்லாம் பத்து வருடத்துக்குள் முடிய வேண்டும். பிலிப்பைன்ஸில் எம்.பி.பி.எஸ்.-க்கு ஈடாகக் கொடுக்கும் எம்.டி. பட்டம் நான்கு வருடம், அதாவது 48 மாதம். இந்த 54 மாத விதியில்தான் அங்கே போன பலர் சிக்கினார்கள். முகவரிடம் இந்தக் கணக்கைக் கேட்டபோது அவர் அடுத்த பெற்றோரிடம் திரும்பிக்கொண்டார்.

நாடும் நிலையாக இருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது கார்கிவ் சுரங்க ரயில் நிலையங்களில் நம் பிள்ளைகள் ஒளிந்திருந்ததை மறக்க முடியுமா? ஆயிரக்கணக்கானோர் படிப்பு பாதியில் ஊர் திரும்பினார்கள். 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகள் தாக்கப்பட்டன. இத்தனைக்குப் பிறகும் வெளிநாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே 450-க்கு மேல் வாங்கியும் ஒரு நூலிழையில் இடம் தவறியவர், தனியே இருந்து ஒழுங்காகப் படிக்கும் பழக்கம் உள்ளவர், முதல் வருடத்திலிருந்தே அந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர் போகலாம். அத்தகையவர்கள் தேறி வந்து நல்ல மருத்துவர்களாக இருக்கிறார்கள். 200 வாங்கிய பிள்ளையை, இங்கே முடியாததால் அங்கே அனுப்புவது பெற்றோர் செய்யும் மிகப் பெரிய தவறு.

பல் மருத்துவமும் சித்தாவும் நீட் தரவரிசையில்தான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி எங்களுக்குப் பக்கம், கட்டணமும் குறைவு. ஆனால் சித்தாவில் நம்பிக்கை இருப்பவர் சேர வேண்டிய இடம் அது, எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏக்கத்தோடு சேர்ந்தால் ஐந்தரை வருடமும் கசக்கும். அவளிடம் கேட்டேன், மௌனமாக இருந்தாள். அந்த வரியையும் அடித்தேன்.

பலர் மறக்கும் வழி கால்நடை மருத்துவம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன, நீட் வேண்டாம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கல்லூரிகள். பயிற்சியோடு ஐந்தரை வருடம். அரசுப் பணியில் கால்நடை உதவி மருத்துவருக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் அதே 56,100. எங்கள் பெண்ணைப் போல நீட்டில் சறுக்கி, பிளஸ் டூவில் உயர்ந்து நிற்பவர்களுக்கு இது உண்மையான போட்டி வழி. விண்ணப்பக் காலம் பெரும்பாலும் ஜூன் மாதத்திலேயே முடிந்துவிடும். நீட் முடிவுக்காகக் காத்திருந்து இதைத் தவற விட்ட வீடுகளை நான் அறிவேன். நல்லவேளையாக அக்கா மே மாத இறுதியிலேயே விண்ணப்பித்திருந்தார்.

மூன்றாவது வாரம் தாளில் இரண்டே வரிகள் மிஞ்சின: மீண்டும் நீட், அல்லது கால்நடை மருத்துவம். என் விருப்பம் நீட் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த இயற்பியல் மதிப்பெண்ணை உயர்த்த முடியும் என்று நம்பினேன். அவளிடமே தாளைக் கொடுத்தோம். கொல்லைக்குப் போய், பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "மாமா, இந்த வருடம் முழுக்கப் பயந்துகொண்டே படித்தேன். இன்னொரு வருடம் அப்படிப் படிக்க என்னால் முடியாது" என்றாள். பேனாவை வாங்கி, முதல் வரியை அவளே அடித்தாள்.